பொஸ்ஸும் பாஸும்: ஒரு சொல்லின் மூன்று பயணங்கள்

ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் மகள் மாலையில் வீடு திரும்பி, "இண்டைக்குப் பொஸ் நல்லா ஏசிப்போட்டார் அம்மா" என்கிறாள். பாதி கட்டிய வீட்டு வாசலில் நிற்கும் தாய், "இஞ்சை மட்டும் என்ன, சீமெந்து முடிஞ்சுதெண்டு பாஸ் வேலையை விட்டிட்டுப் போட்டார்" என்கிறாள். மகள் சொல்லும் பொஸ் கண்ணாடி அறைக்குள் இருப்பவர். தாய் சொல்லும் பாஸ் சாந்தகப்பையோடு வெயிலில் நிற்கும் மேசன். இருவரையும் ஒரே தட்டில் வைத்து யாரும் நினைப்பதில்லை. ஆனால் இந்த இரண்டு சொற்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கப்பலேறி அமெரிக்கா போய், அங்கே ஆங்கிலச் சொல்லாக மாறி, பிறகு உலகம் சுற்றி எம்மிடம் வந்தது. மற்றது ஒல்லாந்தரோடு நேராகவே இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது.

ஒரு சொல்லின் கதையை இந்தப் பக்கங்களில் ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். யார் யாரை என்ன சொல்லி அழைக்க வேண்டும் என்பதிலே அதிகாரம் ஒளிந்திருக்கிறது. அதை எம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? வீட்டுப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்ணிடம், "வீட்டில ஆம்பிளை ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்கும் ஊரில்தான் நாம் வாழ்கிறோம். ஆகவே 'தலைவர்' என்று பொருள்படும் ஒரு சொல், நாட்டுக்கு நாடு யாருடைய வாயில் எப்படி மாறியது என்று பார்ப்பது வீண்வேலை அல்ல.

ஒல்லாந்தில் பிறந்த சொல்

ஒல்லாந்தர் பேசும் டச்சு மொழியில் 'பாஸ்' என்பது பழைய சொல். நாம் மேசனை அழைப்பது போலவே நெடிலாக நீட்டி உச்சரிப்பார்கள். எசமான், வேலை செய்விப்பவர், பட்டறையில் மற்றவர்களுக்கு மேலே நின்று தொழிலை நடத்துபவர் என்பன அதன் பொருள்கள். தச்சுப் பட்டறைக்கு ஒரு பாஸ், கட்டட வேலைக்கு ஒரு பாஸ், கப்பல் கட்டும் இடத்துக்கு ஒரு பாஸ் என்று இருந்தார்கள். தொழிலைத் தாமே கையால் செய்து பழகி, பின்னர் மற்றவர்களை நடத்தும் நிலைக்கு வந்தவர்கள் அவர்களுள் பலர்.

இந்தச் சொல்லை வைத்து அவர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு. 'பாஸுக்கு மேலே பாஸ்' என்பார்கள். 'வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு' என்று நாம் சொல்வது போலத்தான். பிறரிடம் கைகட்டி நிற்காமல் சொந்தமாகத் தொழில் செய்பவரை 'தனக்குத் தானே பாஸ்' என்பார்கள்.

டச்சு மொழியில் இச்சொல்லுக்குப் பெண்பாலும் உண்டு. பெண்ணாக இருந்தால் 'பாசின்'. கடையின் உரிமைக்காரி, வீட்டின் எசமானி, ஆட்களை வைத்து வேலை வாங்குபவள் எல்லோரும் பாசின்தான். ஆனால் சொல் கடல் கடந்தபோது ஆண்பால் மட்டுமே கப்பலேறியது. ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பாஸ் வந்தார். பாசின் கரையிலேயே நின்றுவிட்டாள்.

ஆங்கில அகராதியைப் புரட்டும் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு. கேடயத்தின் நடுவிலும் பழைய கட்டடங்களின் கூரையிலும் காணப்படும் குமிழுக்கும் ஆங்கிலத்தில் 'பொஸ்' என்றுதான் பெயர். எழுத்தும் ஒன்றே. ஆனால் அது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். இரண்டுக்கும் உறவில்லை.

முதற் பயணம்: நியூயோர்க்

ஒல்லாந்தர் தமது கடல் வணிகத்துக்காக இரண்டு பெரிய கம்பனிகளை அமைத்தார்கள். 1602 இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பனிதான் இலங்கைக்கு வந்து போர்த்துக்கேயரிடமிருந்து 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியது. 1621 இல் தொடங்கிய மேற்கிந்தியக் கம்பனி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேற்றம் அமைத்தது. அங்கே மன்ஹாட்டன் தீவில் எழுந்த ஊருக்கு நியூ அம்ஸ்ரடாம் என்று பெயர். 1664 இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து, நியூயோர்க் என்று பெயரை மாற்றினார்கள்.

ஆட்சி மாறினாலும் ஆட்கள் மாறவில்லை. ஒல்லாந்தக் குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்தன. அவர்களுடைய அடுப்படிச் சொற்களும் வேலைத்தலச் சொற்களும் அயலில் இருந்த ஆங்கிலேயரின் வாயில் ஒட்டிக்கொண்டன. சின்ன இனிப்புப் பண்டத்துக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் அமெரிக்காவில் 'குக்கி' ஆயிற்று. அதே பெயர் இலங்கையில் 'கொக்கிஸ்' ஆயிற்று. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் கொக்கிஸும், அமெரிக்கப் பிள்ளைகள் பாலில் தோய்த்துத் தின்னும் குக்கியும் பெயரளவில் சகோதரிகள். வீட்டு முன்படியைக் குறித்த ஒல்லாந்தச் சொல் நியூயோர்க்கில் 'ஸ்ரூப்' ஆகி, வாசற்படிக்கட்டைக் குறிக்கிறது. சிங்களத்தில் அது 'இஸ்தோப்புவ' ஆகி, விறாந்தையைக் குறிக்கிறது. எமது கந்தோரும் கக்கூசும் நொத்தாரிசும்கூட ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களே.

அந்த வரிசையில்தான் பாஸும் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் புகுந்தது. அங்கே நெடில் குறுகி, வாய் வட்டமாகி, 'பொஸ்' ஆயிற்று. 17 ஆம் நூற்றாண்டிலேயே அது ஆங்கில எழுத்துகளில் தலைகாட்டினாலும், நாடு முழுவதும் பரவியது 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

ஏன் அப்போது பரவியது? அதற்கு முன்னர் வேலை கொடுப்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் இருந்த சொல் 'மாஸ்ரர்'. அதாவது எசமான். ஆனால் அமெரிக்காவில் அது அடிமைகள் தம்மை விலைக்கு வாங்கியவரை அழைக்கும் சொல்லாகவும் இருந்தது. நியூயோர்க் மாநிலத்தில் அடிமை முறை 1827 வரை நீடித்தது. அமெரிக்கா முழுவதிலும் அது சட்டப்படி ஒழிந்தது 1865 இல். மன்னராட்சியை உதறி விடுதலை பெற்ற நாட்டில், கூலிக்கு வேலை செய்த வெள்ளைத் தொழிலாளர் தமது முதலாளியை 'எசமான்' என்று அழைக்க மறுத்தார்கள். 'நான் யாருக்கும் அடிமை இல்லை, வேலை செய்கிறேன், கூலி வாங்குகிறேன்' என்பது அவர்களது நிலைப்பாடு. அந்த இடத்தை நிரப்ப அயலவரின் சொல்லான பொஸ் கைகொடுத்தது. வீட்டு வேலைக்குப் போன பெண்களும் அவ்வாறே 'வேலைக்காரி' என்ற பெயரை ஏற்க மறுத்தார்கள். தம்மை 'உதவி' என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு இது பிடிக்கவில்லை. 1838 இல் வெளியான 'அமெரிக்க ஜனநாயகவாதி' என்ற நூலில் அவர் இதைக் குறைகூறினார். எசமான் என்ற சொல்லை வெறுப்பவர்கள், அதே பொருளுடைய டச்சுச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்களே என்பது அவருடைய வாதம்.

அகராதிப்படி பார்த்தால் கூப்பர் சொன்னது சரிதான். பெயர் மாறியதால் கூலி ஒரு சதமும் கூடவில்லை. வேலை நேரமும் குறையவில்லை. எனினும் அந்தத் தொழிலாளர் முட்டாள்கள் அல்லர். எசமானை விட்டுப் போக முடியாது, பொஸ்ஸை விட்டுப் போகலாம். இந்த ஒரு வேறுபாட்டையே அவர்கள் அந்தச் சொல்லால் பிரித்துக் காட்டினார்கள்.

இந்த அளவுகோலை எமது பெண்கள் இன்றைக்கும் கையில் வைத்திருப்பது நல்லது. மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறவர்களில் எத்தனையோ பேருடைய கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார். அவருடைய சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாத நிலைமை பணிப்பெண்களைப் பல நாடுகளில் நெடுங்காலமாகக் கட்டி வைத்திருக்கிறது. அவரை 'மாமா' என்று அழைத்தாலும் 'பாபா' என்று அழைத்தாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நான் விரும்பினால் இங்கிருந்து போகலாமா? 'முடியாது' என்பது பதிலானால், பெயர் எதுவாக இருந்தாலும் அவர் பொஸ் அல்லர், எசமான்.

அமெரிக்காவில் இச்சொல் பிறகு அரசியலுக்கும் போயிற்று. நகரத்தின் கட்சி இயந்திரத்தைத் தன் கைக்குள் வைத்திருப்பவரைப் பொஸ் என்றார்கள். நியூயோர்க்கின் வில்லியம் ருவீட் என்பவர் 'பொஸ் ருவீட்' என்றே வரலாற்றில் நிற்கிறார். நீதிமன்றக் கட்டடம் ஒன்றைக் கட்டும்போது அவருடைய கூட்டத்தார் பொய்க் கணக்குக் காட்டிப் பொதுப்பணத்தை அள்ளினார்கள். சாந்து பூசும் வேலைக்குக் காட்டிய கணக்குகள் அந்த ஊழலின் அடையாளமாகவே இன்றும் பேசப்படுகின்றன. 1873 இல் ருவீட் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். 1878 இல் சிறையில் இறந்தார். சமத்துவத்துக்காக எடுத்த சொல், நாற்பது ஆண்டுகளுக்குள் கொள்ளைக்காரரின் பட்டமாயிற்று.

இரண்டாம் பயணம்: தென்னாபிரிக்கா

இலங்கையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பனி 1652 இல் ஆபிரிக்காவின் தென்முனையில் ஒரு குடியேற்றத்தை அமைத்தது. அங்கே வேலை செய்வதற்காக ஆபிரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும், இந்தியா, இலங்கை, இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கொண்டு போனார்கள். எமது கரைகளிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அங்கே குடியேறியவர்களின் டச்சு மொழி காலப்போக்கில் ஆபிரிகான்ஸ் என்ற மொழியாயிற்று. பாஸ் அந்த மொழியிலும் தங்கியது.

ஆனால் அங்கே அது நடந்த திசை வேறு. அமெரிக்கத் தொழிலாளி தன் மானத்தைக் காக்க எடுத்த சொல், தென்னாபிரிக்காவில் மானத்தைப் பறிக்கும் சொல்லாயிற்று. கறுப்பினத்தவர் வெள்ளை ஆணை 'பாஸ்' என்று அழைக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அவருடைய சிறு மகனையும் 'குட்டி பாஸ்' என்று அழைக்க வேண்டும். பேரப்பிள்ளை கண்ட கிழவரை வெள்ளையர் 'பையன்' என்பார்கள். பிள்ளை பெற்று வளர்த்த பெண்ணைச் 'சிறுமி' என்பார்கள். யாருடைய வீட்டில் யார் வேலை செய்கிறார் என்பதுகூட அங்கே முக்கியமில்லை. தோலின் நிறமே பாஸை முடிவு செய்தது.

1948 முதல் 1994 வரை அந்த நாட்டில் நிறவெறி ஆட்சி நடந்தது. 1954 முதல் 1958 வரை பிரதமராக இருந்த ஸ்ரைடொம் என்பவர் தமது கொள்கைக்கு ஒளிவுமறைவின்றி வைத்திருந்த பெயர் 'பாஸ்காப்'. பாஸாக இருக்கும் தன்மை, அதாவது வெள்ளையர் எசமானாக இருத்தல் என்பது அதன் பொருள்.

அந்தப் பாஸ்காப்பை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர்கள் பெண்கள். கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகம் கொண்டு திரிய வேண்டும் என்ற சட்டத்தைப் பெண்கள்மீதும் சுமத்த அரசு முற்பட்டது. அடையாள அட்டையைக் காட்டிக் காட்டிச் சோதனைச் சாவடிகளைக் கடந்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956 ஓகஸ்ட் 9 ஆம் திகதி ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியா நகரில் ஸ்ரைடொமின் அரசாங்க மாளிகைக்கு ஊர்வலமாகப் போனார்கள். முதுகில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான லிலியன் ங்கோயி ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தவர். மற்றொருவரான ரஹிமா மூசா இந்திய வம்சாவளியினர். பிரதமர் அவர்களைச் சந்திக்க வரவில்லை. கட்டுக்கட்டான மனுக்களை அவருடைய அலுவலகத்தில் வைத்துவிட்டு, அத்தனை பெண்களும் அரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். அந்த நாள் இன்று தென்னாபிரிக்காவின் தேசிய மகளிர் தினம்.

அந்தச் சட்டம் ஒரே நாளில் போய்விடவில்லை. 1986 வரை முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் பொறுக்க வேண்டியிருந்தது. ஆனால் பாஸ் என்ற சொல்லை வாயில் திணித்தவர்களின் முன்னால், வாய் மூடி நின்றே 'இல்லை' என்று சொல்லலாம் என்பதை அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

மூன்றாம் பயணம்: எமது முற்றம்

இலங்கைக்கு வந்த பாஸ் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. ஒல்லாந்தர் கோட்டை கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோண வடிவில் அமைத்தவர்கள் அவர்களே. அந்த வேலைகளுக்குத் தச்சரும் கல்வேலை செய்பவரும் கொல்லரும் தேவைப்பட்டார்கள். தொழிலாளரை நடத்திய தலைமைக் கைவினைஞரின் பெயராக இருந்த பாஸ், உள்ளூர்க் கைவினைஞரின் பெயராகவும் ஆயிற்று. 1796 இல் ஒல்லாந்தர் போனார்கள். பாஸ் இங்கே நின்றார்.

இன்றைக்கும் சிங்களத்தில் 'பாஸ் உன்னஹே' என்றால் தொழில் தெரிந்த கைவினைஞரை மரியாதையோடு அழைப்பது. தச்சு பாஸ், மேசன் பாஸ், பெயின்ற் பாஸ் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர். தமிழ் பேசும் ஊர்கள் பலவற்றிலும் 'மேசன் பாஸ்' என்ற வழக்கு உண்டு. இங்கே பாஸ் என்பவர் பணக்காரராக இருக்கத் தேவையில்லை. ஒரு பழைய சைக்கிளும் ஒரு பை ஆயுதங்களும் மட்டுமே வைத்திருப்பவராக இருக்கலாம். அவருக்குக் கூலி கொடுப்பவர்கூட அவரைப் பாஸ் என்றே அழைக்கிறார். காரணம் ஒன்றுதான். அவருக்கு வேலை தெரியும்.

அமெரிக்காவில் பொஸ் என்பது காசு கொடுப்பவர். தென்னாபிரிக்காவில் பாஸ் என்பது நிறத்தால் மேலே நின்றவர். இலங்கையில் பாஸ் என்பது கைத்திறன் உள்ளவர். அதிகாரத்தைக் குறித்த ஒரு சொல், ஆண்டவர்கள் போன பின்னர் திறமைக்கு உரிய மரியாதையாக மாறியது எமது தீவில்தான். இதையிட்டு நாம் கொஞ்சம் பெருமைப்படலாம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் ஆங்கிலப் பொஸ்ஸையும் 'பாஸ்' என்றே எழுதுகிறார்கள். இதனால் அமெரிக்கா போய்க் குறுகிய சொல், தமிழ் எழுத்தில் தன் பழைய ஒல்லாந்த நெடிலைத் திரும்பப் பெற்றுவிடுகிறது. 2017 முதல் தமிழ்த் தொலைக்காட்சியில் வந்த 'பிக் பாஸ்' நிகழ்ச்சியை எமது வீடுகளிலும் பார்த்தார்கள். அதன் மூல நிகழ்ச்சியின் பெயர் 'பிக் பிரதர்'. அது 1999 இல் முதன்முதலாக ஒளிபரப்பானது நெதர்லாந்தில், அதாவது ஒல்லாந்தரின் நாட்டில். இந்தியாவுக்கு வந்தபோது 'அண்ணன்' போய் 'பாஸ்' வந்தது. ஒல்லாந்தரின் நிகழ்ச்சிக்கு ஒல்லாந்தரின் சொல்லே பெயராக அமைந்தது தற்செயல்.

பெண் சொன்னால் மட்டும் ஏன் குற்றம்?

பொஸ் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'பொஸி' என்றொரு பிள்ளை பிறந்தது. எல்லோரையும் அதட்டி வேலை வாங்கும் குணத்தை அது குறிக்கும். ஆணுக்கும் சொல்லலாம் என்று அகராதி சொன்னாலும், அதிகமாக இதைக் கேட்பவர்கள் பெண் பிள்ளைகளே. விளையாட்டில் ஒரு பையன் மற்றவர்களை ஒழுங்குபடுத்தினால் 'தலைமைத்துவம் இருக்கு' என்பார்கள். அதையே ஒரு பிள்ளை செய்தால் 'பொஸி' என்பார்கள். இதை எதிர்த்து 2014 இல் அமெரிக்காவில் ஒரு பிரசார இயக்கமே நடந்தது. பெண் சாரணர் அமைப்பும் அதில் சேர்ந்திருந்தது.

எமக்கு ஆங்கிலச் சொல் தேவையில்லை. எம்மிடம் 'வாய்க்காரி' இருக்கிறது. 'அடங்காப்பிடாரி' இருக்கிறது. "ஆம்பிளை மாதிரித் திரியிறாள்" என்பதும் இருக்கிறது. மாதர் சங்கக் கூட்டத்தில் கணக்குக் கேட்டவளுக்கும், மீன் வியாபாரியிடம் நிறையைச் சரிபார்த்தவளுக்கும், அளவு குறைந்த மணலை இறக்க விடாமல் லொறியை மறித்தவளுக்கும் இந்தப் பட்டங்களில் ஒன்று கிடைத்திருக்கும். இதே வேலையை ஓர் ஆண் செய்திருந்தால் 'கெட்டிக்காரன், ஏமாத்தேலாது' என்றிருப்பார்கள்.

வீட்டுக்குப் பாஸ் யார்?

போரின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் வீடுகள் மீளக் கட்டப்பட்டபோது, பல திட்டங்களில் பயனாளியே கட்டுவிக்கும் முறை இருந்தது. 2012 முதல் பரவலாக நடைமுறைக்கு வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அத்திவாரம் முடிந்தால் அடுத்த பணம், சுவர் எழும்பினால் அதற்கடுத்த பணம். கணவனை இழந்தவளும், காணாமற் போனவரைத் தேடிக்கொண்டிருந்தவளும், அங்கவீனமுற்ற கணவனைப் பராமரித்தவளும் இந்த வேலையைத் தாமே நடத்தினார்கள். கல்லுக்கு விலை பேசினார்கள். மேசனைப் பிடித்தார்கள். பணம் வரும்வரை கடைக்காரருக்குத் தவணை சொன்னார்கள். மேசனைப் 'பாஸ்' என்று அழைத்த அந்தப் பெண்தான் உண்மையில் அந்த வேலைக்குப் பொஸ். ஆனால் ஊரில் பலர் அவளுடைய தம்பியிடமோ மைத்துனரிடமோதான் பேச வந்தார்கள்.

நாட்டிலே ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம் பெண்ணைத் தலைவியாகக் கொண்டது. இருந்தும் படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற இடம் வந்தவுடன் ஆணின் பெயரைத் தேடும் பழக்கம் போகவில்லை. 2004 சுனாமியின் பின்னர் புது வீடுகளும் காணிகளும் பல இடங்களில் ஆணின் பெயருக்கே எழுதப்பட்டன. தாய்வழிச் சீதனமாக வந்த வளவில் வாழ்ந்த பெண்களும் அவ்வாறு உரிமை இழந்தார்கள். அரச காணிகளுக்கான 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், உரித்து வரிசையில் ஆணுக்கே முன்னுரிமை இருந்தது. அது திருத்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் மாறினாலும் பழக்கம் தானாக மாறாது. எமது பெயரை நாமே எழுதி, எழுதியதை வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

வேலைத்தலத்தையும் பார்ப்போம். மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னியில் சில பெண்கள் மேசன் வேலையும் தச்சு வேலையும் பழகினார்கள். கண்ணிவெடி அகற்றும் குழுக்களில் பெண்கள் சேர்ந்து, குழுத் தலைவிகளாகவும் உயர்ந்தார்கள். முகமூடிக் கவசத்தோடு முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிண்டிய கைகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் கட்டட வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பாலானோர் இன்னும் கல் சுமக்கும், சாந்து குழைக்கும் கையாட்களே. ஆணுக்கு ஒரு நாட்கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற வழக்கமும் தொடர்கிறது. பத்து ஆண்டுகள் மேசனுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய பெண்ணின் கையில் சாந்தகப்பையைக் கொடுக்க எத்தனை பேர் முன்வருகிறோம்? எமது சொந்த வீட்டு வேலைக்கு ஒரு பெண் மேசன் வந்தால், நாமே அவளை நம்புவோமா? ஆண்களைக் கேட்பதற்கு முன்னர் எங்களை நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்தச் சொல்லின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று. முதலாவது, பெயர் மாறுவதால் மட்டும் நிலைமை மாறாது. விட்டுப் போகும் உரிமையும் சரியான கூலியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, திணிக்கப்படும் பெயரை ஏற்க மறுப்பதும் ஒரு பலம். பிரிட்டோரியாவில் நின்ற பெண்களிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை. மூன்றாவது, தலைமை என்பது வேலை தெரிந்த கைக்கு உரியது என்பதை எமது ஊர் வழக்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வழக்கைப் பெண்களுக்கும் விரித்துச் சொல்ல வேண்டியதுதான் மிச்சம்.

தையல் மெசினோடு வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெண்ணும், கோழி வளர்த்து முட்டை விற்பவளும், மிளகாய் இடித்துப் பொதி கட்டிக் கடைக்குக் கொடுப்பவளும் டச்சுக்காரர் சொல்வது போலத் தனக்குத் தானே பாஸ். பாசின் என்ற சொல் எமக்கு வந்து சேராமற் போனால் என்ன? தலைவி என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அடுத்த முறை கிராம அலுவலர் படிவம் தந்து, 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் யாருடைய பெயர் என்று கேட்டால், அக்கம் பக்கம் பார்க்காமல் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.